பாட்டி மடிக்குப் போட்டி: நெல்லை வரை ஒரு குழந்தை சீட்

ஐசோஃபிக்ஸ் கொக்கியில் மாட்டும் குழந்தை சீட் ஒன்றில் மூன்று வயது மகளை உட்காரவைத்து, சென்னையிலிருந்து திருநெல்வேலி வரை சுமார் 620 கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தோம். நம் வீடுகளில் இந்த சீட்டுக்கு உண்மையான போட்டி பாட்டியின் மடிதான். மடிக்குக் காசு கிடையாது, மெத்தென்றிருக்கும், கதையும் சொல்லும். அதை இந்த சீட் ஜெயிக்குமா என்பதே கேள்வி.

மாட்டுவது எப்படி?

பின் சீட்டில் முதுகும் இருக்கையும் சேரும் இடுக்கில் விரலை விட்டால் இரண்டு இரும்பு வளையங்கள் தட்டுப்படும். குழந்தை சீட்டின் இரண்டு கொக்கிகளையும் அவற்றில் தள்ளினால் ‘டிக்’ என்று சத்தம் வந்து, சிவப்பு மறைந்து பச்சை தெரிகிறது. அடுத்து, சீட்டின் உச்சியிலிருந்து வரும் பட்டையை ஹெட்ரெஸ்ட்டுக்கு அடியில் விட்டுப் பின்பக்க வளையத்தில் மாட்டி இறுக்க வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். விட்டால், கார் மோதும்போது குழந்தையின் தலை இன்னும் முன்னே போகும்.

மாட்டி முடித்ததும் அடிப்பக்கத்தைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஓர் அங்குலத்துக்கு மேல் அசையக் கூடாது. இது அசையவில்லை. குழந்தையைக் கட்டியபின் தோள் பெல்ட்டைக் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு விரலில் சிக்கினால் இன்னும் இறுக்க வேண்டும்.

சாலையில்

வெறும் சீட்டில் உட்கார்ந்தால் மூன்று வயதுக் குழந்தைக்குக் கதவின் உள்பக்கம்தான் தெரியும். இது அவளை ஜன்னல் உயரத்துக்குத் தூக்கிவிடுகிறது. விளம்பரத்தில் யாரும் சொல்லாத இந்த வசதிதான் பயணத்தையே மாற்றியது. கொள்ளிடம் தாண்டும்போது ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம், விராலிமலைப் பக்கம் மயில் என்று செல்போன் கேட்காமலே நேரம் போனது. கயத்தாறை நெருங்கியதும், “பாட்டி, யாருக்கு இவ்வளவு பெரிய ஃபேன்?” என்று காற்றாலையைப் பார்த்து ஒரு கேள்வி. எட்டு வயது அண்ணனுக்கு பூஸ்டர் சீட்; உயரம் கூடியதால் கார் பெல்ட் கழுத்தை அறுக்காமல் தோளில் சரியாகப் படிந்தது.

தொல்லைகள்

முதல் தொல்லை வியர்வை. பக்கச் சுவர்கள் உயரமாக இருப்பதால் ஏசி காற்று முதுகுக்கு எட்டவில்லை. பெரம்பலூர் வருவதற்குள் சட்டை நனைந்துவிட்டது. குழந்தை உட்கார்ந்திருக்கும்போது சாய்மானத்தை மாற்ற முடியாததால், தூங்கினால் தலை முன்னால் தொங்குகிறது. வெயிலில் நிறுத்திவிட்டு வந்தால் பக்கிளின் இரும்பு சுடும். மேலே ஒரு துண்டைப் போட்டுவிட்டு இறங்குவது நல்லது.

முறுக்கும் பிரச்சினைதான். உடைந்த தூள் பக்கிளின் வாய்க்குள் இறங்கிவிட்டது. பெல்ட்டின் நாக்கைச் செருகினால் உள்ளே போகிறது, ‘டிக்’ வரவில்லை. மெல்ல இழுத்தாலே கையோடு வந்துவிட்டது. ஓரமாக நிறுத்தி, சீட்டைக் கழற்றிக் கவிழ்த்துத் தட்டியபின்தான் பூட்டியது. துவைப்பதற்காகத் துணி உறையைக் கழற்றுவதும் சுலபமில்லை.

இடமும் நெருக்கடிதான். இரண்டு ஓரமும் பிள்ளைகளுக்குப் போய்விட, நடுவில் பாட்டி ஒடுங்கி உட்கார வேண்டியதாயிற்று. மதுரை தாண்டியதும் அழுகை ஆரம்பித்தது. “எய்யா, பிள்ள கெடந்து அழுதுல்லா, அவுத்து விடு” என்றார் பாட்டி. அவிழ்க்கவில்லை, வண்டியை நிறுத்தினோம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை குழந்தையை இறக்கி ஓடவிட்டால்தான் எந்த சீட்டும் எடுபடும்.

மடி ஏன் போதாது?

50 கிலோமீட்டர் வேகத்தில் மோதினாலே குழந்தையின் எடை பல மடங்காகி முன்னே பாயும். எந்தக் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது. 2023-இல் வந்த, கார்களை மோதவிட்டு நட்சத்திரம் தரும் பாரத் என்கேப் சோதனையில் குழந்தைப் பாதுகாப்புக்கு 49 மதிப்பெண். ஒன்றரை வயது, மூன்று வயதுக் குழந்தை அளவு பொம்மைகளை இப்படிப்பட்ட சீட்டில் கட்டிவைத்துத்தான் அந்த மதிப்பெண் போடுகிறார்கள். மடியில் இருக்கும் குழந்தைக்கு அந்த நட்சத்திரங்கள் பொருந்தாது. 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி, 14 வயதுக்கு உட்பட்டவர்களை பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் அழைத்துப் போனால் 1,000 ரூபாய் அபராதமும் உண்டு.

தீர்ப்பு

தூக்கத்திலும் குளிர்ச்சியிலும் மடிக்குத்தான் வெற்றி. பாதுகாப்பிலும் வேடிக்கை பார்ப்பதிலும் சீட் ஜெயிக்கிறது. குறைகள் இருந்தும் வாங்கலாம் என்றே சொல்வேன். வயதை மட்டும் பார்க்காமல் எடை, உயரம் பார்த்து வாங்குங்கள். 15 மாதம் ஆகாத குழந்தை பின்பக்கம் பார்த்தே உட்கார வேண்டும். அப்படிப் பின்பக்கம் பார்த்து மாட்டிய சீட்டை ஏர்பேக் உள்ள முன் இருக்கையில் ஒருபோதும் வைக்காதீர்கள். விபத்தைச் சந்தித்த பழைய சீட் வேண்டவே வேண்டாம். ஊருக்குக் கிளம்புவதற்குச் சில நாள் முன்பே வீட்டுக் கூடத்தில் வைத்துப் பிள்ளையை உட்காரப் பழக்குங்கள். பாட்டியிடமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.