நிந்தனை வேறு, வெறுப்பு வேறு

பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சமய நம்பிக்கையை இழிவுபடுத்துவதைத் தண்டித்த 295ஏ பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சம்ஹிதாவில் 299 என்ற எண்ணோடு தொடர்கிறது. வெறுப்புப் பேச்சை அடக்க இது வேண்டும் என்று இதன் ஆதரவாளர்கள் வாதாடுகிறார்கள். மத நிந்தனைச் சட்டத்துக்கு வேறு பெயர் சூட்டிக் காப்பாற்றும் வாதம் இது.

பிரிவில் காப்புகள் இல்லாமல் இல்லை. வேண்டுமென்றே, தீய நோக்கோடு இழிவுபடுத்தினால்தான் குற்றம். 1957இல் ராம்ஜி லால் மோடி வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வரம்பைச் சுட்டியே பிரிவு செல்லும் என்றது. அரசின் முன் அனுமதியின்றி நீதிமன்றம் வழக்கை ஏற்கவும் முடியாது.

கோளாறு பிறப்பிலேயே இருக்கிறது. நபியை ஏளனம் செய்த 'ரங்கீலா ரசூல்' நூலை வெளியிட்ட ராஜ்பாலை 1927இல் லாகூர் உயர் நீதிமன்றம் விடுவித்தது. நீதிபதி தலிப் சிங் நூலைக் கண்டித்தார். ஆனால் சமூகங்களிடையே பகை மூட்டுவதைத் தண்டிக்கும் 153ஏ, மறைந்த சமயத் தலைவர் மீதான தாக்குதலுக்குப் பொருந்தாது என்றார். நிந்தனைக்கும் வெறுப்புக்கும் இடையிலான எல்லை அங்கே தெளிவாக விழுந்தது. அதே ஆண்டு 295ஏயைக் கொண்டுவந்து சட்டமன்றம் அதை அழித்தது. ராஜ்பாலையும் அந்தச் சட்டம் காக்கவில்லை; 1929இல் கொல்லப்பட்டார்.

கடவுளையோ நபியையோ ஏசுவது ஒன்று. அவர்களை நம்பும் மனிதருக்கு வீடு கொடுக்காதே, அவர் கடையில் வாங்காதே, ஊரைவிட்டு விரட்டு என்று தூண்டுவது இன்னொன்று. முன்னதில் மனம் புண்படுகிறது. பின்னதில் வாழ்வே பறிபோகிறது. நம்பிக்கையை ஏசும் சாக்கில் மனிதரைத் தாக்குபவர்களும் உண்டு. அவர்களைப் பிடிக்க 153ஏயின் வாரிசான 196 இருக்கிறது.

1953இல் திருச்சியில் பெரியார் மண் பிள்ளையாரை உடைத்தார். வீரபத்திரன் செட்டியார் தொடுத்த வழக்கைக் கீழ் நீதிமன்றங்கள் தள்ளின. 1958இல் உச்ச நீதிமன்றமும் காலம் கடந்துவிட்டதென்று விசாரணைக்கு உத்தரவிடவில்லை. ஆயினும் நம்பிக்கை அறிவுக்கு ஒத்ததோ இல்லையோ, நம்புவோரின் உணர்வை மதித்தாக வேண்டும் என்றது. அப்படியானால் குற்றத்தின் அளவுகோல் பேசியவர் சொல்லில் இல்லை, கேட்டவர் கோபத்தில் இருக்கிறது. உரக்கக் கொதிப்பவருக்கே சட்டம் துணை நிற்கும்.

பிள்ளையார்பட்டிக்குப் பக்கத்துக் குன்றக்குடியில் சைவ மடத் தலைவராக இருந்த அடிகளார் வேறு வழி காட்டினார். பெரியாரின் நாத்திகத்துக்கு மேடையில் பதில் சொன்னார். அருள்நெறித் திருக்கூட்டம் கண்டு மக்களிடம் போனார். பிற்காலத்தில் பெரியாரோடு நட்பும் கொண்டார். எங்கள் செட்டிநாட்டில் பக்தி அதனால் தேய்ந்துவிடவில்லை.

முன் அனுமதி என்ற காப்பும் ஏட்டளவில்தான். அது நீதிமன்றத்துக்கு வேண்டும், போலீசுக்கு வேண்டாம். 299இல் பிடியாணை இல்லாமல் கைது செய்யலாம், ஜாமீன் உரிமையல்ல. அனுமதி மறுக்கப்படும் நாளுக்குள் எழுதியவர் சிறையைப் பார்த்துவிட்டிருக்கக்கூடும். வழக்கே நடக்காமலும் பேனா பறிபோகும். 2015 ஜனவரியில் நாமக்கல் அதிகாரிகள் கூட்டிய சமாதானப் பேச்சில் பெருமாள்முருகன் 'மாதொருபாகன்' நாவலுக்காக மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அறிவித்தார். சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்று தீர்ப்புச் சொல்ல 2016 ஜூலை ஆயிற்று.

வெறுப்புப் பேச்சுக்குத் தனிப் பிரிவுகள் வேண்டுமென்று சட்ட ஆணையம் 2017இல் தன் 267ஆம் அறிக்கையில் பரிந்துரைத்தது. அவற்றை எழுதுங்கள், 299ஐ நீக்குங்கள். மனிதரைக் காக்கத்தான் சட்டம். கடவுளுக்குக் காவல்காரர் தேவைப்படும் என்பதைவிடப் பெரிய நிந்தனை இல்லை.