ஒலியில் எழுந்த மேற்கு

சிவகாசியிலிருந்து வரும் லயன், முத்து காமிக்ஸ் இதழ்கள் வழியாகத்தான் நம்மில் பலருக்குக் கௌபாய் உலகம் அறிமுகம். அந்த நாயகர்களில் டெக்ஸ் வில்லரைப் படைத்தவர்கள் இத்தாலியர்கள். கேப்டன் டைகரையும் லக்கி லூக்கையும் படைத்தவர்கள் பிரெஞ்சு, பெல்ஜியக் கலைஞர்கள். அமெரிக்கர்கள் தங்கள் மேற்கின் கதையை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து வாராவாரம் கேட்டது வானொலியில். பிறகு பார்த்தது தொலைக்காட்சியில். கேட்ட காலமே உயர்ந்த காலம் என்பது என் துணிபு.

முதல் பெரும் மரபு டெட்ராய்ட் நகரத்தில் தோன்றியது. 1933இல் அங்கிருந்த டபிள்யூ.எக்ஸ்.ஒய்.இசட். நிலையம் 'லோன் ரேஞ்சர்' தொடரைத் தொடங்கியது. நிலைய உரிமையாளர் ஜார்ஜ் டிரெண்டில். எழுத்தாளர் ஃபிரான் ஸ்டிரைக்கர். முகமூடி, வெள்ளைக் குதிரை, வெள்ளித் தோட்டா, ரோசினியின் 'வில்லியம் டெல்' இசை எல்லாம் முதலில் காதுக்காகவே அமைந்தவை. நாயகன் யாரையும் கொல்லும் நோக்கோடு சுடமாட்டான், குடிக்கமாட்டான், இலக்கணப் பிழையின்றிப் பேசுவான். 1941இல் நாயகனாகப் பேசிவந்த ஏர்ல் கிரேசர் கார் விபத்தில் இறந்தார். உடனே கதையில் ரேஞ்சருக்குப் படுகாயம் ஏற்பட்டது. சில நிகழ்ச்சிகள்வரை அவன் முணுமுணுத்தான், அவ்வளவே. கதையை அவனுடைய தோழன் டோண்டோ சுமந்தான். காயம் ஆறியபோது பிரேஸ் பீமரின் குரல் வந்தது. குரலே உடலாக இருந்த கலையில் ஒரு மரணத்தை இதைவிடக் கண்ணியமாகக் கடந்திருக்க முடியாது.

இந்த மரபின் குறையையும் சொல்லியாக வேண்டும். பழங்குடியினனான டோண்டோவாக வானொலியில் பேசியவர் ஜான் டாட் என்ற வெள்ளை நாடக நடிகர். அவருக்குத் தரப்பட்டது ஒடிந்த ஆங்கிலம். 1949இல் தொலைக்காட்சிக்கு வந்தபோது, ரேஞ்சராக நடித்த கிளேட்டன் மூருக்குத் துணையாக, மோஹாக் இனத்தவரான ஜே சில்வர்ஹீல்ஸ் அந்தப் பாத்திரத்தை ஏற்றார். நடிகர் மாறினார், வசனம் மாறவில்லை. அந்த வசனத்துக்குள்ளும் நிமிர்ந்து நின்ற அவருடைய கம்பீரம் அவருடைய சொந்த சம்பாத்தியம்.

பாடும் கௌபாய்கள் தனிக் கிளை. ஜீன் ஆட்ரியின் 'மெலடி ராஞ்ச்' 1940இல் தொடங்கி 1956வரை ஒலிபரப்பாயிற்று. ராய் ரோஜர்ஸ், டேல் எவன்ஸ் தம்பதியும் டிரிக்கர் குதிரையும் குழந்தைகளைக் கட்டிப்போட்டன. இனிமை உண்டு, ஆழம் குறைவு.

ஆழம் 1952 ஏப்ரலில் வந்தது. சி.பி.எஸ். வானொலியில் தயாரிப்பாளர் நார்மன் மெக்டொனலும் எழுத்தாளர் ஜான் மெஸ்டனும் பெரியவர்களுக்கென்றே 'கன்ஸ்மோக்' தொடரை உருவாக்கினார்கள். களம் கான்சஸின் டாட்ஜ் சிட்டி. மார்ஷல் மாட் டில்லனாக வில்லியம் கான்ராட் பேசினார். டில்லன் பல கதைகளில் தாமதமாகத்தான் வந்து சேர்வான். காப்பாற்ற வேண்டியவர் அதற்குள் இறந்திருப்பார். யாரையாவது சுட்டுவிட்டால் அந்தச் சாவின் பாரம் அடுத்த வசனத்தில் ஏறி உட்காரும். மரப்பலகை நடைபாதையில் மெதுவான பூட்ஸ் சத்தம், எங்கோ குரைக்கும் நாய், பேச்சுக்கிடையே நீண்ட மௌனம் என ஒலிக் கலைஞர்கள் ஊரையே எழுப்பினார்கள். ஒரு கௌபாய் கதையை நான் எடைபோடும் தராசு இங்கே கிடைத்ததுதான்: ஒரு தோட்டாவுக்குப் பிறகு கதை எவ்வளவு நேரம் அமைதி காக்கிறது?

அதே தரத்தில் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் பேசிய 'தி சிக்ஸ் ஷூட்டர்' நிற்கிறது. 1953-54இல் 39 நிகழ்ச்சிகளோடு முடிந்துபோனது பெரிய இழப்பு. 1958இல் ஜான் டேனர், லண்டன் டைம்ஸ் நிருபராக 'ஃபிரான்டியர் ஜென்டில்மேன்' தொடரில் மேற்கை ஓர் அந்நியனின் கண்ணால் காட்டினார். ரிச்சர்ட் பூன் தொலைக்காட்சியில் புகழேற்றிய 'ஹேவ் கன் வில் டிராவல்' தொடரை வானொலிக்குக் கொண்டுவந்தபோது பேசியவரும் டேனரே. வழக்கமான திசைக்கு எதிரான பயணம் அது.

தொலைக்காட்சியின் உச்சம் 1958-59. அந்தப் பருவத்தில் அதிகம் பார்க்கப்பட்ட பத்துத் தொடர்களில் ஏழு வெஸ்டர்ன். முதலிடம் 'கன்ஸ்மோக்'. 1955இல் அது திரைக்கு வந்தபோது, பருத்த உடல்வாகு கொண்ட கான்ராடுக்கு வாய்ப்பில்லை. ஆறடி ஏழங்குல ஜேம்ஸ் ஆர்னஸ் மார்ஷல் ஆனார். ஆர்னஸ் நல்ல நடிகர். 20 ஆண்டுகள், 635 நிகழ்ச்சிகள் தாங்கினார். ஆயினும் கான்ராடின் குரலில் இருந்த களைப்பு அவரிடம் இல்லை. அரைமணித் தொடராக இருந்தவரை மெஸ்டனின் இறுக்கம் தங்கியது. 1961இல் ஒருமணியாக்கியதும் தளர்ந்தது. 'பொனான்சா' 1959இல் வண்ணத்தோடு குடும்பப் பாசத்தைக் கொண்டுவந்தது. ஜேம்ஸ் கார்னரின் 'மேவரிக்', சண்டையைத் தவிர்க்கப் பார்க்கும் நாயகனைத் தந்தது. 'ராஹைட்' கிளின்ட் ஈஸ்ட்வுட்டை வளர்த்தது.

'கன்ஸ்மோக்' வானொலி நிகழ்ச்சிகளின் பதிவுகள் பெரும்பாலும் இன்றும் கிடைக்கின்றன. புதிதாக வருபவர்கள் தொலைக்காட்சித் தொடரைப் பிறகு பாருங்கள். கான்ராடின் குரலை முதலில் கேளுங்கள்.