நட்பின் இருக்கை: ஓர் ஆய்வின் மதிப்பீடு

ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில் 24 மருத்துவ நிலையங்களில் 573 பேரிடையே டிக்சன் சிபாண்டாவும் உடனுழைப்பாளரும் நடத்திய ஆய்வு 2016-இல் வெளியாயிற்று. மர இருக்கையில் அமர்ந்து, பயிற்சி பெற்ற எளிய பெண்கள் துயருற்றோரின் சிக்கல்களைக் கேட்டு, தீர்வுகாண உதவினர். ஆறு மாதங்களுக்குப் பின் மனச்சோர்வின் அறிகுறிகள் இவர்களிடம் உதவி பெற்றோரில் 13.7 விழுக்காட்டினரிடமும், சற்று மேம்படுத்திய வழக்கமான கவனிப்புப் பெற்றோரில் 49.9 விழுக்காட்டினரிடமும் காணப்பட்டன.

எனினும், பரிவோடு செவிகொடுத்தலே போதும் என நாம் முடிவு செய்தலாகாது. அப்பெண்கள் கண்காணிப்பின்கீழ்ப் பணியாற்றினர். தற்கொலை நோக்கமுடையோர் ஆய்வில் சேர்க்கப்படவில்லை. ஆறு மாதங்களுக்கு அப்பாலுள்ள நிலையையும் இவ்வாய்வு கூறவில்லை. ஆகவே, சாக விரும்புகிறவரை ஜெபித்து மட்டும் அனுப்பிவிடும் ஆயர் இவ்வாய்வைத் துணைக்கழைக்க இயலாது. கேட்கக் கற்போம், நம் எல்லையறிந்து மருத்துவரிடம் அனுப்பவும் கற்போம்.