ஃபுலேராவின் பாதி உண்மை

2020இல் அமேசான் பிரைமில் தொடங்கி நான்கு சீசன்கள் கண்டுவிட்ட ‘பஞ்சாயத்’ இந்தித் தொடருக்கு, இந்தியக் கிராமத்தை உள்ளபடி காட்டும் படைப்பு என்ற பெயர் நிலைத்துவிட்டது. அந்தப் பெயரில் பாதிதான் அதற்குச் சேரும்.

சேரும் பாதியை முதலில் சொல்ல வேண்டும். உத்தரப்பிரதேசத்தின் பலியா மாவட்டத்தில் இருப்பதாகச் சொல்லப்படும் ஃபுலேராவுக்கு, மாதம் 20,000 ரூபாய் சம்பளத்தில் ஊராட்சிச் செயலராக வருகிறான் அபிஷேக் திரிபாதி. எழுதிய சந்தன் குமாருக்கும் இயக்கிய தீபக் குமார் மிஸ்ராவுக்கும் ஊராட்சி அலுவலகம் நன்றாகத் தெரிந்திருக்கிறது. சூரிய விளக்கு எந்தக் கம்பத்தில் எரிய வேண்டும், சக்கரம் வைத்த அலுவலக நாற்காலியில் யார் உட்காருவது என்பவையே இங்கே கதை. அரசுத் திட்டம் மேலிருந்து இறங்கி ஒரு வீட்டுத் திண்ணையைத் தொடும்போது என்னவாகிறது என்பதை இவ்வளவு பொறுமையாகக் காட்டிய இந்தியத் தொடர்கள் மிகக் குறைவு. மூன்றாம் சீசனில், அரசு வீடு கிடைப்பதற்காகக் குடும்பத்தைப் பிரிந்து வாழ்வதாக ஒரு மூதாட்டி பொய் சொல்கிறாள். அவளைக் கள்ளியாகவும் காட்டாமல், பரிதாபத்துக்குரியவளாகவும் குறுக்காமல் விட்டது நல்ல எழுத்து.

ஃபுலேராவின் ஊராட்சித் தலைவர் பதவி பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது. வென்றவர் மஞ்சு தேவி, ஆள்பவர் கணவர். 73ஆம் அரசியல் சட்டத் திருத்தம் தந்த ஒதுக்கீட்டை வீடு எப்படி விழுங்கிவிடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சித்திரம் தேவையில்லை. முதல் சீசன் முடிவில், குடியரசு நாளன்று மஞ்சு தேவியே கொடியேற்றி, கற்றுக்கொண்ட தேசிய கீதத்தைப் பாடும் காட்சியில் நீனா குப்தாவின் குரலில் பயமும் பிடிவாதமும் சேர்ந்தே ஒலிக்கின்றன. தொடரின் உச்சம் அதுதான்.

சேராத பாதி, சாதி. திரிபாதி, துபே, பாண்டே, சுக்லா: அலுவலகத்தைச் சுற்றியுள்ள முதன்மைப் பாத்திரங்கள் எல்லோருமே பிராமணர்கள். கிழக்கு உத்தரப்பிரதேசத்தில் யார் வீட்டுத் தண்ணீரை யார் குடிப்பார், விளக்கு எந்தத் தெருவை எட்டாது என்பதை எல்லாம் சாதியைத் தொடாமல் எழுத முடியாது. பெண் ஒதுக்கீட்டைக் கூர்மையாகப் பார்த்த அதே கண், அதே சட்டத் திருத்தம் தந்த பட்டியல் சாதி ஒதுக்கீட்டின் பக்கம் திரும்பவே இல்லை. இந்தக் கதை 2024இல் ‘தலைவெட்டியான் பாளையம்’ ஆகத் தமிழுக்கு வந்தது. ஒதுக்கப்பட்ட இடத்தில் வென்றதற்காக 1997இல் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் கொல்லப்பட்டதை அறிந்த நமக்கு அந்த மௌனம் இன்னும் உறுத்துகிறது. நகைச்சுவைத் தொடர்தானே என்பது பதிலாகாது. சிரிப்பைக் கெடுக்காமல் ஆணாதிக்கத்தைப் பேச முடிந்தவர்களுக்கு இதுவும் முடிந்திருக்கும்.

இரண்டாம் சீசன் வரை இதைப் பொறுத்துக்கொள்ளலாம். பிரகலாத் பாண்டேயின் ராணுவ மகன் இறக்கும் அத்தியாயத்தில் ஃபைசல் மாலிக்கின் நடிப்பு அவ்வளவு பெரியது. 2023இல் கோவா திரைப்பட விழா முதன்முறையாகத் தந்த சிறந்த இணையத் தொடர் விருது அந்த சீசனுக்குத் தகும். அதன்பின் தொகுதி எம்எல்ஏவுடனான பகையும் அடிதடியும் ஊரின் அன்றாடத்தை ஓரம் தள்ளின. நான்காம் சீசன் முழுக்க சுரைக்காய்ச் சின்னத்துக்கும் குக்கர் சின்னத்துக்கும் நடக்கும் தேர்தல். போட்டியிடும் இருவரும் பெண்கள். களத்தில் மோதுவதோ பெரும்பாலும் அவர்களுடைய கணவன்மார். அன்று கொடியேற்றிய மஞ்சு தேவிக்கு இந்தத் தேர்தலில் தனக்கென ஒரு முடிவும் இல்லை. தோற்கும்போதுகூட அது கணவரின் தோல்வியாகவே எழுதப்பட்டிருக்கிறது.