சீனக்காரமும் அப்பச்சோடாவும்

கனடாவின் மில்லிக்கனில் எங்கள் வீட்டுச் சமையலறையில் தேங்காய் எண்ணெய் ஆண்டின் பெரும்பகுதி வெள்ளைக் கல்லாகவே இருக்கும். 24, 25 பாகை செல்சியஸைத் தாண்டினால்தான் இளகும். போன மார்கழியில் மச்சாள் கொண்டுவந்து தந்த சாடியும் அப்படித்தான் இறுகிக் கிடந்தது. மூடியில் 'கெமிக்கல் இல்லை' என்று எழுதி ஒட்டியிருந்தார். உள்ளே தேங்காய் எண்ணெய் மூன்று மேசைக்கரண்டி, கூவைமா மூன்று, அப்பச்சோடா இரண்டு, டீ ட்ரீ எண்ணெய் பத்துச் சொட்டு. கமக்கட்டுக்குப் பூச வீட்டிலேயே கிண்டிய டியோடரன்ட். "கடையில விக்கிறதைப் பூசாதேங்கோ. அதில இருக்கிற அலுமினியம் மார்புப் புற்றுநோயைக் கொண்டுவரும்" என்றார்.

ஆறு வாரம் பூசிப் பார்த்தேன். வாசித்தும் பார்த்தேன்.

முதலில் அலுமினியம். கடைத்தட்டில் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால் இரண்டு சரக்கை ஒன்றென்று நினைத்துக்கொள்கிறோம். டியோடரன்ட் மணத்தை மட்டும் கவனிக்கும். வியர்வையைக் குறைப்பது அன்டிபெர்ஸ்பிரன்ட். அலுமினிய உப்பு இருப்பது இதில்தான்; வியர்வைக் குழாயின் வாயில் கூழாகத் திரண்டு அடைத்துக்கொள்ளும். அதுவும் அரைகுறைதான்: அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதனிடம் எதிர்பார்ப்பது 20 வீதக் குறைப்பு; கூடுதல் வலு என்று அட்டையில் போடவேண்டுமானால் 30 வீதம். ஆக, அலுமினியத்துக்குப் பயந்தவர் அதே தட்டில் கையை நாலு அங்குலம் நகர்த்தினால் போதும். எண்ணெய் உருக்க வேண்டியதில்லை.

பயத்துக்காவது அடிப்படை உண்டா? சியாட்டிலின் பிரெட் ஹச்சின்சன் நிலைய ஆய்வாளர்கள் 2002இல் மார்புப் புற்றுநோய் வந்த 813 பெண்களையும் வராத 793 பெண்களையும் ஒப்பிட்டார்கள். தொடர்பு எதையும் காணவில்லை. அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் 2004ஆம் ஆண்டு பிரித்தானிய ஆய்வு 20 கட்டிகளில் பரபென் என்ற பதப்படுத்தியைத் தேடியது. நோயில்லாத இழையில் அது எவ்வளவு என்று பார்க்கவேயில்லை. என் பக்க வாதத்துக்கு வசதியான 2001ஆம் ஆண்டுக் கணக்கு ஒன்றும் இருக்கிறது: தோலில் பூசிய அலுமினியத்தில் 0.012 வீதமே உடலுக்குள் போகிறது. ஆனால் அதை அளந்தது இரண்டே பேரில். மச்சாளின் ஆதாரத்தைக் குடைந்துவிட்டு இதைத் தூக்கிப்பிடிக்க எனக்கு வாய் வராது. ஒரு எச்சரிக்கை மட்டும் மெய்யானது. சிறுநீரக நோய் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டுப் பூசவேண்டும் என்று அமெரிக்காவில் அன்டிபெர்ஸ்பிரன்ட் குச்சியின் அட்டையிலேயே அச்சிட்டிருக்கும். சிறுநீரகத்தைக் கெடுக்கும் நீரிழிவு எட்டிப் பார்க்காத வீடு அரிதான எங்கள் சனம் அந்த வரியை வாசிக்கத்தான் வேண்டும்.

அலுமினியத்திலிருந்து தப்பியோடும் பலர் போய்ச் சேரும் இடம் 'இயற்கைப் படிகக் கல்'. அது வேறொன்றுமில்லை, சீனக்காரம். ஊர்ச் சலூனில் சவரம் முடியத் தண்ணீரில் நனைத்துக் கன்னத்தில் உரஞ்சுவார்களே, அந்தக் கட்டி. தமிழகத்தார் படிகாரம் என்பார்கள். இரசாயனப் பெயர் பொட்டாசியம் அலுமினியம் சல்பேற்று. பெயரின் நடுவில் அலுமினியம் குந்தியிருக்கிறது. மூலக்கூறு பெரியது, தோலுக்குள் நுழையாது என்று சமாதானம் சொல்வார்கள். தண்ணீரில் கரைந்த கையோடு அது அயன்களாகப் பிரிந்துவிடும். பிறகு எங்கே பெரிய மூலக்கூறு? நான் சீனக்காரத்துக்கு எதிரியல்ல. மலிவு, வாசனை இல்லை, கரைசல் புளிப்பு என்பதால் பக்டீரியாவுக்கு ஒவ்வாது. 'அலுமினியம் இல்லை' என்று விற்பதுதான் பொய்.

பயத்தைச் சாடியில் அடைத்து விற்பது புதிய தொழிலல்ல. சின்சினாட்டியைச் சேர்ந்த எட்னா மர்பி என்ற பெண், சத்திரசிகிச்சை நிபுணரான தன் தகப்பன் கைவியர்வைக்குக் கண்டுபிடித்த திரவத்தை 'ஓடொரோனோ' என்று கமக்கட்டுக்கு விற்றார். 1919இல் 'லேடீஸ் ஹோம் ஜேர்னல்' இதழில் வந்த அதன் விளம்பரம், உன்னிடமிருந்து மணம் வருகிறது, சிநேகிதிகூடச் சொல்லமாட்டாள் என்ற பயத்தைப் பெண்களுக்குள் இறக்கியது. இருநூறு பேர் கோபித்துச் சந்தாவை நிறுத்தினார்கள். விற்பனையோ ஒரே ஆண்டில் இரட்டிப்பைத் தாண்டியது. அன்று விற்றது மணத்தின் பயம், இன்று விற்பது கெமிக்கல் பயம். 2017இல் 'நேட்டிவ்' என்ற இயற்கை டியோடரன்டை பி அண்ட் ஜி 10 கோடி டொலருக்கு வாங்கியது. அதே ஆண்டு 'ஷ்மிட்ஸ்' யூனிலீவருக்குப் போனது. எந்தப் பயம் வென்றாலும் கல்லாப்பெட்டி ஒரே வீட்டில்.

சரி, மச்சாளின் சாடி. கமக்கட்டில் பருவ வயதில் விழித்துக்கொள்ளும் அபோகிரைன் சுரப்பி விடும் திரவத்துக்குத் தனியாக மணமில்லை. தோலில் குடியிருக்கும் பக்டீரியா அதைத் தின்று கழிப்பதுதான் மணக்கிறது. ஸ்டபிலோகொக்கஸ் ஹொமினிஸ் என்ற கிருமி அந்த மூலப்பொருளை எப்படி உள்ளே இழுக்கிறது என்பதை யோர்க் பல்கலைக்கழகத்தார் 2018இல் விளக்கினார்கள். இந்த இடத்தில்தான் சாடியைச் சோதிக்க வேண்டும். தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழப் பாதி லோரிக் அமிலம், அது கிருமிக்கு எதிரி என்கிறார்கள். தனித்த அமிலமாக இருந்தால் சரி. எண்ணெயில் அது கிளிசரினோடு கட்டுண்டு கிடக்கிறது; ஆய்வுகூடத்தில் தனி அமிலம் செய்ததை எண்ணெயின் கணக்கில் எழுதமுடியாது. கூவைமா ஈரத்தை உறிஞ்சும், வியர்வையை நிறுத்தாது. உண்மையில் வேலை செய்யும் ஆள் அப்பச்சோடா. நாறும் அமிலங்களை அது சமன்செய்துவிடும். அதே காரணத்தால் தோலையும் விடாது: தோலின் பி.எச். ஐந்தை ஒட்டியது, சோடாக் கரைசலினுடையது எட்டுக்கு மேல்.

என் சோதனை இப்படி. வலக் கமக்கட்டில் மச்சாளின் பூச்சு, இடதில் கடையில் வாங்கிய அலுமினியமில்லாத குச்சி. இரண்டு வாரம் முடியப் பக்கம் மாற்றினேன். வலக்கை கூடுதலாக வேலை செய்வதால் மாற்றாவிட்டால் கணக்குப் பிழைக்கும். எந்தப் பக்கம் எது என்று அறியாத மகள் மாலையில் சட்டையை மணந்து சொல்லவேண்டும். (அதற்கு அவள் கேட்ட கூலி தனிக்கதை.) மத்தியானம்வரை இரண்டும் சமம். மாலையில் குச்சி கொஞ்சம் முன்னே. ஒன்பதாம் நாள் வலப்பக்கம் செம்மண் பூசியதுபோல் சிவந்து எரிந்தது. பக்கம் மாற்றினேன், எட்டாம் நாள் இடப்பக்கம் அதே சிவப்பு. குச்சி பூசிய பக்கத்தில் ஒன்றுமில்லை. எரிச்சல் கையைத் தொடரவில்லை, சாடியைத் தொடர்ந்தது. கடைசியில் சோடாவை எடுத்துவிட்டு நாக ஒட்சைட்டு சேர்த்துக் கிண்டினேன். குழந்தைகளின் அணையாடைப் புண்ணுக்குப் பூசும் வெள்ளைக் களிம்பில் இருக்கும் தூள்தான். மணம் சோடாவைவிடச் சற்றுக் கூட, தோல் சும்மா இருந்தது. இது ஒற்றை ஆளின் சோதனை, ஆய்வாகாது.

ஆனால் 'நான் பூசுகிறேன், ஒரு மணமும் இல்லை' என்ற சாட்சியங்களைவிட இது மேல். மில்லிக்கனில் அந்தச் சாட்சியம் இரட்டிப்பாக ஏமாற்றும். ஸ்டீல்ஸ், கென்னடி வீதிகள் சந்திக்கும் பசிபிக் மோலைச் சுற்றி எங்கள் அயலவரில் பெரும்பாலோர் சீனர். காதுக் குறும்பி ஈரமா உலர்ந்ததா என்பதை ஏபிசிசி11 என்ற மரபணுவின் ஒற்றை எழுத்து முடிவுசெய்கிறது என்று 2006இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டார்கள். கமக்கட்டு மணத்துக்கு மூலப்பொருளை வெளியே அனுப்புவதும் அதே மரபணுதான். உலர்ந்த குறும்பிக்காரருக்குக் கமக்கட்டு அநேகமாக மணப்பதேயில்லை. கிழக்காசியரில் மிகப் பெரும்பான்மை இந்த வகை, எங்களில் கலந்திருக்கும். உலர்ந்த குறும்பிக்காரர் ஒருவர் கமக்கட்டில் எதைப் பூசினாலும் அது அற்புத மருந்தாகத்தான் தெரியும். பிரிஸ்டலில் 6,495 பெண்களைப் பரிசோதித்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், மணமில்லாத மரபணுக்காரர் 117 பேர். அந்த வகையினரிலும் 78 வீதமானோர் எல்லா நாளுமோ பெரும்பாலான நாள்களிலோ டியோடரன்ட் பூசிக்கொண்டிருந்தார்கள். புகழ்ந்து சொல்பவரைக் கேட்கவேண்டிய முதல் கேள்வி, உங்கள் காதுக் குறும்பி எப்படி என்பதே.

இன்னொன்றை நாங்கள் எல்லோருமே தவறவிடுகிறோம். தை மாதத்தில் ஸ்டீல்ஸ் பஸ்ஸில் ஏறினால் வெளியே பனி, உள்ளே ஹீற்றர், மேலே தடித்த ஜக்கெற், அதற்குள் பொலியெஸ்டர். ஊரில் பருத்தி உடுப்பும் இருவேளைக் கிணற்றுக் குளிப்பும் செய்த வேலையை இங்கே சாடியிடம் எதிர்பார்க்கிறோம். பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழகம் 2014இல் 26 பேரின் சட்டைகளை உடற்பயிற்சிக்குப் பின் மணந்து பார்த்தது: பொலியெஸ்டர் பருத்தியைவிட மோசமாக நாறியது. எங்கள் ஜக்கெற் அடுப்படிக்குப் பக்கத்துக் கொளுக்கியில் தொங்கித் தாளிப்பின் புகையையும் குடித்திருக்கும். பஸ்ஸில் யாராவது முகத்தைத் திருப்பினால் கமக்கட்டைத்தான் சந்தேகிக்கிறோம். எங்கள் வீட்டில் கொளுக்கியைக் கதவுக்குப் பின்னால் மாற்றியது ஆறு வாரப் பூச்சைவிடப் பலன் தந்தது.

என் தீர்ப்பு இதுதான். 'கடைச்சரக்கு நோய் தரும், இது தராது' என்ற மச்சாளின் வாதம் தள்ளுபடி. கூற்றின் முதற்பாதிக்கு ஆதாரமில்லை, இரண்டாம் பாதிக்கு என் இரண்டு கமக்கட்டும் எதிர்ச்சாட்சி. சோடா போட்ட கலவையை யாருக்கும், முக்கியமாகப் புதிதாகப் பருவமடையும் பிள்ளைகளுக்கு, நான் கொடுக்கமாட்டேன். தேசிக்காயைத் தேய்ப்பது அதைவிடக் கேடு: அந்தச் சாற்றோடு வெயில் பட்டால் தோல் வெந்துபோகும். சோடா இல்லாத நாக ஒட்சைட்டுக் கலவையைச் செய்யலாம், கிண்டுவதில் விருப்பம் உள்ளவர்கள். செலவு குறைவு என்பது உண்மை. அதில் பன்னீரோ கற்றாழையோ விடக்கூடாது, தண்ணீர் சேர்ந்தால் பூஞ்சணம் பிடிக்கும். வாசனை எண்ணெயும் வேண்டாம். மணம் பூசி வராதீர்கள் என்று அறிவித்த அலுவலகங்களும் வைத்தியசாலைகளும் இந்த நாட்டில் நிறைய. கோயில் திருவிழாவில் மேசை போட்டு விற்க நினைப்பவர்கள் முதல் விற்பனையிலிருந்து 10 நாளுக்குள் ஹெல்த் கனடாவுக்கு அறிவிக்கவேண்டும்.

மச்சாளிடம் சிவப்பைக் காட்டினேன். "அது உள்ள நஞ்சு வெளிய வருது, இன்னும் ரெண்டு கிழமை பொறுங்கோ" என்றார். நஞ்சைப் பிரிக்கும் வேலை ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் உரியது, கமக்கட்டுக்கு அந்தப் பதவி இல்லை என்றேன். நம்பினாரா தெரியவில்லை. மிஞ்சிய சாடியை எறிய மனம் வராமல் ஒருநாள் ஊறுகாய்ப் போத்தலில் ஒட்டிக் கிடந்த லேபல் பசையில் தடவி, கால் மணித்தியாலம் விட்டுத் துடைத்தேன். எண்ணெய் பசையை இளக்கியது, சோடா சுரண்டியது. போத்தல் கண்ணாடியாக மின்னியது. இப்போது அது பாத்திரத் தொட்டிக்குக் கீழே இருக்கிறது, மூடியில் 'கெமிக்கல் இல்லை' என்ற எழுத்தோடு.