திரும்பி வந்த கேமரா

சாதாரண மக்களின் அன்றாடத்தைப் படமெடுக்கிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வருவார்கள், எடுப்பார்கள், போய்விடுவார்கள். படம் கண்காட்சிக்குப் போகும், புத்தகத்தில் ஏறும். படத்தில் நிற்பவரின் கைக்கு மட்டும் வந்து சேராது. அமெரிக்காவின் பஃபலோ நகரில் வாழ்ந்த மில்டன் ரோகோவின் (1909–2011) இந்த வழக்கத்தை மீறியவர். எடுத்த படத்தைப் பிரிண்ட் போட்டு உரியவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். பல ஆண்டுகள் கழித்து அதே ஆட்களைத் தேடி மறுபடியும் போனார். அவருடைய பெருமை முழுவதும் இந்த மறுவருகையில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. குறையும் அதே இடத்தில்தான் இருக்கிறது. அத்தனை முறை போனவர், அந்த மனிதர்களின் பேச்சைத் தன் படைப்புக்குள் பெரும்பாலும் சேர்த்துக்கொள்ளவில்லை.

ரோகோவின் தொழிலால் கண் பரிசோதகர். 1938-இல் பஃபலோவுக்கு வந்து, தொழிலாளர்களுக்குக் கண்ணாடி எழுதிக்கொடுத்துப் பிழைத்தார். இடதுசாரி. 1957-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கம்யூனிஸ்ட் எதிர்ப்பு விசாரணைக் குழு அவரை அழைத்தது; கேள்விகளுக்குப் பதில் சொல்ல மறுத்தார். ஊர்ப் பத்திரிகை அவரை நகரத்தின் முதன்மைக் கம்யூனிஸ்ட் என்று முத்திரை குத்த, கண் பார்க்க வருகிறவர்கள் குறைந்துபோனார்கள். வாய் அடைக்கப்பட்ட அந்தக் காலத்தில் அவர் கையில் எடுத்ததுதான் கேமரா. 1958-இல், பழைய கடைகளில் இயங்கிய கறுப்பினத்தவரின் சிறு தேவாலயங்களில் பாட்டுகளை ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்த வில்லியம் டால்மட்ஜ் என்ற இசைப் பேராசிரியர், படமெடுக்க அவரைக் கூட்டிப்போனார். ஒலிப்பதிவு முடிந்த பிறகும் ரோகோவின் தனியாக அங்கே போய்க்கொண்டிருந்தார். அந்தப் படங்கள் 1962-இல் 'அபெர்ச்சர்' புகைப்பட இதழில், கறுப்பினச் சிந்தனையாளர் டூ போய்ஸின் அறிமுகத்தோடு வந்தன. குரலும் முகமும் சேர்ந்து தொடங்கிய பயணத்தில் குரல் பாதியில் இறங்கிக்கொண்டது. பின்னால் வந்த நீண்ட காலப் பணிக்கும் இது பெரும்பாலும் பொருந்தும்.

1972-இல் அவர் தேர்ந்தெடுத்த இடம் பஃபலோவின் லோயர் வெஸ்ட் சைட். அவருடைய கண் பரிசோதனைக் கூடத்திலிருந்து நடக்கும் தூரம்தான். புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தவர்கள், கறுப்பினத்தவர், இத்தாலிய வம்சாவளியினர், பூர்வகுடிகள் என்று பலரும் நெருக்கியடித்து வாழ்ந்த ஏழைப் பகுதி. கேமராவோடு வந்த வெள்ளைக்காரரை முதலில் போலீஸ் ஆள் என்று சந்தேகித்தார்கள். சந்தேகம் தீர்ந்தது கைக்கு வந்த பிரிண்டுகளால். மனைவி ஆன் கூடவே வந்தது வீட்டுக் கதவுகள் திறக்க உதவியது.

அவர் படமெடுத்த விதத்தைக் கொஞ்சம் கிட்டப் பார்க்கலாம். அவர் பயன்படுத்தியது ரோலிஃபிளெக்ஸ். அதை வழக்கமாகக் கண்ணில் வைத்துக் குறிபார்ப்பதில்லை. வயிற்றருகே பிடித்து, மேலே உள்ள கண்ணாடித் திரையைத் தலைகுனிந்து பார்க்க வேண்டும். எதிரில் நிற்பவருக்குத் தெரிவது தன்னை நோக்கிக் குனிந்த ஒரு தலை. லென்ஸ் தாழ்ந்திருப்பதால் படத்தில் அவர் நிமிர்ந்து நிற்பார். இப்படி நில், அப்படிப் பார் என்று ரோகோவின் சொல்வதில்லை. எங்கே நிற்பது, யாரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது எல்லாம் அவரவர் விருப்பம். அதனால்தான் கட்டிலருகே நிற்பவரும் மதுக்கடை வாசலில் நிற்பவரும் தங்களுக்குப் பிடித்த தங்களையே காட்டுகிறார்கள். இரக்கத்தைக் கேட்டு நிற்கும் முகம் ஒன்றுகூட இல்லை.

எண்பதுகளின் நடுவில், தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கடைசியாக 2000-க்குப் பிறகு, தொண்ணூறு வயதைத் தாண்டியும் அவர் திரும்பிப் போனார். ஒரே ஆளின் மூன்று அல்லது நான்கு படங்கள் ஒரே வரிசையில் நிற்கின்றன. ஒற்றைப் படத்தில் ஏழை என்று மட்டும் தெரிந்தவர், வரிசையில் பார்க்கும்போது ஒரு வாழ்க்கைக்குச் சொந்தக்காரராகிறார். மடியில் இருந்த குழந்தை அடுத்த படத்தில் தோளுயரம் நிற்கிறது. கூட நின்றவர் அதற்கடுத்த படத்தில் இல்லை. மெலிந்தவர் தேறியிருக்கிறார், தேறியவர் தளர்ந்திருக்கிறார். ஏழைகளைப் பற்றி நாம் முடிவு கட்டிவைத்திருந்த கதை இரண்டாவது படத்திலேயே உடைகிறது. ஒரு தடவை வந்துபோகும் எந்தத் திறமைசாலிக்கும் இது வாய்க்காது.

1976 முதல் எடுத்த தொழிலாளர் படங்களில் இன்னொரு உத்தி: ஆலையில் ஒன்று, வீட்டில் ஒன்று. கரி படிந்த முகமும் தலைக்கவசமுமாக உலை முன்னே நின்றவர், பக்கத்துப் படத்தில் பிள்ளைகளோடு சோபாவில் உட்கார்ந்திருக்கிறார். சில இணைகளில் இரண்டும் ஒரே ஆள்தானா என்று ஒரு நொடி திகைக்க வேண்டியிருக்கிறது. உழைப்பாளி என்றாலே சுத்தியலோடு காட்டும் பிரசாரச் சுவரொட்டி மரபுக்கு, இடதுசாரியான அவரே கொடுத்த நல்ல பதில் இது.

இனி மறுபக்கம். பெரும்பாலான படங்களுக்குக் கீழே இடமும் ஆண்டும் உண்டு, பெயர் கிடையாது. பெயர் வெளியாகிப் பிழைப்பை இழந்தவர், பிறர் பெயரை வெளியிடத் தயங்கியிருக்கலாம் என்று நாம் ஊகிக்கலாம். அந்தத் தயக்கம் மதிக்கத்தக்கதுதான். ஆனால் அதன் விளைவு என்ன? அவருடைய நெகட்டிவ்கள் 1999-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. எடுத்தவர் பெயர் வரலாறாயிற்று. நின்றவர்களில் பலர் தலைப்பில்லாதவர்களாகவே நீடிக்கிறார்கள். மறக்கப்பட்டவர்களைக் காட்டப் புறப்பட்ட பணி, அவர்களுடைய பெயரில்லாமையை நிரந்தரமாக்கியும் விட்டது.

வரிசைகளில் இன்னொரு ஓட்டையும் உண்டு. திரும்பிப் போகும்போது கண்டுபிடிக்க முடிந்தவர்களுக்குத்தான் வரிசை அமையும். வாடகை கட்ட முடியாமல் வெளியேறியவர், சிறைக்குப் போனவர், செத்துப்போனவர் ஆகியோர் முதல் படத்தோடு நின்றுவிடுகிறார்கள். ஆகவே, மூன்று படம் உள்ளவர்களின் கதையை அந்தப் பகுதியின் கதையாக வாசித்தால் தவறிவிடுவோம். தாக்குப்பிடித்தவர்களின் பக்கம் அந்தச் சான்று சாய்ந்திருக்கிறது.

கண்ணியமாக நிற்க அனுமதிக்கும் படம் சண்டையைக் காட்டாது என்பது மூன்றாவது சிக்கல். வீட்டுக்காரரோ போலீசோ சட்டகத்துக்குள் வருவதில்லை. 1983-இல் பஃபலோவை அடுத்த லாக்கவான்னாவில் பெத்லஹெம் ஸ்டீல் ஆலையின் எஃகு உற்பத்தி நின்று ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தார்கள். முகங்களில் காலம் தெரிகிறது. ஆலையை மூடியது யார், ஏன் என்பது தெரிவதில்லை. அரசியலுக்காகத் தண்டிக்கப்பட்டவரின் படங்களில் அரசியல் இத்தனை அடங்கியிருப்பது வியப்புதான்.

பேச்சு விடுபட்ட இந்தக் குறை தவிர்க்க முடியாததா என்றால் இல்லை. வாய்மொழி வரலாற்றாளர் மைக்கேல் ஃபிரிஷுடன் சேர்ந்து அவர் கொண்டுவந்த 'போர்ட்ரெய்ட்ஸ் இன் ஸ்டீல்' (1993) அதற்குச் சாட்சி. அதில் படங்களோடு எஃகுத் தொழிலாளர்களின் நீண்ட பேட்டிகளும் உண்டு. வேலையைப் பற்றியும் ஆலை மூடலைப் பற்றியும் அதற்குப் பிந்தைய வாழ்க்கையைப் பற்றியும் அவர்களே பேசுகிறார்கள். அதைப் படித்துவிட்டுப் படத்துக்குத் திரும்பினால், அமைதியாகத் தெரிந்த முகத்தில் கணக்கும் கோபமும் கிண்டலும் இருந்தது புரிகிறது. முகமே போதும் என்ற ரோகோவினின் நம்பிக்கையை அவருடைய சொந்தப் புத்தகமே மறுக்கிறது.

தட்டில் வைத்து நிறுத்தால் எது கனம்? மறுவருகைதான் என்பேன். விட்டுப்போன பேச்சைப் பின்னால் வருபவர் கேட்டு எழுதிவிடலாம், எழுதவும் செய்தார்கள். 1972-இன் முகத்தை 1985-இல் போய் எடுக்க முடியாது. அதே சமயம், இன்று ஊர் மக்களைப் படமெடுக்கும் இளைஞர் ஒருவர் ரோகோவினை முன்மாதிரியாகக் கொண்டால், அவரைப் போல பிரிண்டைக் கொண்டுபோய்க் கொடுக்கட்டும், திரும்பவும் போகட்டும். போனபோது காணாமல்போயிருந்தவர்களின் கணக்கையும் எழுதிவைக்கட்டும். தன் பெயரைப் போடலாமா என்பதைப் படத்தில் நிற்பவரே முடிவு செய்யட்டும். எப்படி நிற்பது என்பதை அவர்களிடமே விட்ட ரோகோவின், என்ன சொல்வது என்பதையும் அவர்களிடம் விட்டிருக்கலாம்.