லோக்கின் மொழியும் அடங்கிய மரபணுவும்

வரலாற்றுக்கு முற்பட்ட மாந்தரைப் பொருளாகக் கொண்ட புதினங்களுள், வில்லியம் கோல்டிங் 1955இல் வெளியிட்ட 'தி இன்ஹெரிட்டர்ஸ்' தனியிடம் பெறுவது. 'உரிமை பெற்றோர்' எனப் பொருள்படும் இந்நூல், நியாண்டர்தால் மாந்தரின் சிறு குழு ஒன்று நம் இனத்தவரை எதிர்கொண்டு அழிவதைக் கூறுகிறது. எச்.ஜி. வெல்ஸ் தம் உலக வரலாற்று நூலில் அம்மாந்தரை அச்சந்தரும் உருவினராகத் தீட்டியிருந்தார். அப்பகுதியையே நூலின் முகப்பில் பொறித்துவிட்டு, அதற்கு மாறாக அவர்களை அன்பும் சூதறியா உள்ளமும் உடையோராகப் படைத்தார் கோல்டிங். இன்றைய மரபியல் கண்டுரைப்பவற்றின் முன் இப்படைப்பு நிலைபெறுமா என்பதே ஈண்டு நம் வினா.

நூலின் உயிர் அதன் மொழிநடையில் உள்ளது. கதையின் பெரும்பகுதி லோக் என்னும் நியாண்டர்தால் ஆடவனின் கண்வழியே நடக்கிறது. புதியவன் ஒருவன் வில்லை வளைத்து அம்பெய்கிறான். லோக் காண்பதோ, ஒரு கோல் இருமுனையிலும் குறுகிப் பின் நீளும் காட்சியை மட்டுமே. எய்தவனும் எய்த பொருளும் அவன் எண்ணத்தில் இணைவதில்லை. மொழியியலறிஞர் ஹாலிடே 1971இல் வெளியிட்ட கட்டுரையில், இப்பகுதிகளில் செயப்படுபொருள் குன்றிய வினைகளே மிகுந்திருப்பதை எடுத்துக்காட்டினார். நம் இலக்கணத்தின்படி கூறுவதாயின், 'வளைத்தான்' என்னாது 'வளைந்தது' என்று மட்டுமே உணரும் உள்ளம் அது. இறுதியை நெருங்கும்போது லோக் உவமையைக் கண்டடைகிறான். ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிடும் ஆற்றல் அவனுக்குக் கிட்டும் வேளையில் அவன் சுற்றமோ அழிந்துகொண்டிருக்கிறது. இதனினும் பெரிய அவலம் யாது?

எனினும், அம்மாந்தர் குறைமொழியினர் என்னும் அடிப்படை இன்று ஆட்டங்கண்டுவிட்டது. 1983இல் கெபாராக் குகையில் கிடைத்த நியாண்டர்தால் எலும்புக்கூட்டின் நாவடி எலும்பு நம்முடையதைப் பெரிதும் ஒத்திருந்தது. பேச்சோடு தொடர்புடைய ஃபாக்ஸ்பி2 மரபணுவில் நமக்கே உரியனவென எண்ணப்பட்ட இரு மாற்றங்கள் அவர்களிடமும் இருந்தமை 2007இல் தெரியவந்தது. 2010இல் ஸ்வாந்தே பாபோவின் குழுவினர் அவர்தம் மரபணுத்தொகுதியின் முதல் வரைவை வெளியிட்டபோது, இரு இனங்களும் கலந்தமை புலனாயிற்று. ஆப்பிரிக்காவுக்கு வெளியே உள்ள மக்களின் மரபில் ஏறத்தாழ 2 விழுக்காடு அவர்கள் வழிவந்தது. புதினத்தின் முடிவில் புதியவர்கள் நியாண்டர்தால் குழந்தையொன்றைத் தம் படகிலேற்றிச் செல்கின்றனர். கோல்டிங் அறியாமலே உண்மையை அணுகிய இடம் இது.

அவ்வாறாயின் வேற்றுமை எங்கே உறைகிறது? நம்மவர் ஏறத்தாழ அனைவரிடமும் நிலைபெற்று, புரதத்தின் அமைப்பையே மாற்றிய வேறுபாடுகள் நூறளவினவே. ஆகவே, மரபணு எது என்பதோடு, அது எங்கே, எப்போது, எவ்வளவு செயற்படுகிறது என்பதையும் ஆராய வேண்டியதாயிற்று. டி.என்.ஏ.மேல் ஏறும் மெத்தில் என்னும் வேதிக்குறி பல இடங்களில் மரபணுவை அடங்கியிருக்கச் செய்கிறது. குறியேறிய சைட்டோசின் காலப்போக்கில் தைமினாகவும், ஏறாதது யுராசிலாகவும் சிதையும். இச்சிதைவின் தடத்தைக் கொண்டே டேவிட் கோக்மன், லிரான் கார்மெல் முதலியோர் 2014இல் நியாண்டர்தாலர், டெனிசோவர் ஆகியோரின் மெத்தில் வரைபடங்களை மீட்டெடுத்தனர். சுமார் 2,000 பகுதிகள் நம்மினின்றும் வேறுபட்டிருந்தன. முகத்தையும் குரல்வளையையும் உருவாக்கும் மரபணுக்களின் ஒழுங்காற்றம் நம் வழியில் பெரிதும் மாறியதென 2020இல் இவர்கள் அறிவித்தனர்.

சொற்களஞ்சியம் ஏறக்குறைய ஒன்றே; தொடரமைப்பே வேறு. லோக்கின் நடையைக் கற்றவர்க்கு இக்கண்டுபிடிப்பு வியப்பளிக்காது. ஆயினும் இவ்வொப்புமையை எல்லை கடந்து இழுத்தல் திறனாய்வுக்கு அழகன்று. அவ்வரைபடங்கள் எலும்பிலிருந்து பெறப்பட்டவை. மூளையைப் பற்றி நேரே ஒன்றும் கூறுவனவல்ல. குரல்வளையின் வடிவம் மாறியதென்பதால், மாறாதவர் மொழியற்றோர் ஆகிவிடார். வேறுபாட்டைக் குறைபாடாகக் கொண்டதே கோல்டிங்கின் பிழை. வெல்ஸ் வெறுப்போடு செய்ததை அவர் இரக்கத்தோடு செய்தார். இரக்கம் கலந்தமையால் அப்பிழை நெடுநாள் நம் கண்ணுக்குத் தப்பியது.

ஆயினும் நூல் தோற்றுவிடவில்லை. லோக்கின் உள்ளத்திலேயே வாழ்ந்துவந்த நாம், இறுதிக்கு அருகில் திடீரென அவனைப் புறத்திருந்து, ஒரு சிவந்த விலங்காகக் காண்கிறோம். ஒருவனை அகத்திருந்து அறிவதற்கும் புறத்திருந்து அளப்பதற்கும் உள்ள தொலைவை இதனினும் கூர்மையாக உணர்த்திய புதினம் அரிது. சொல் குறைந்த மாணவனை எண்ணம் குறைந்தவன் எனக் கணிக்கும் வழக்கம் வகுப்பறைகளில் இன்னும் மறையவில்லை. அறிவியற் செய்தி காலந்தோறும் திருத்தம் பெறும். புதினத்தின் அவ்வொரு பக்கமோ, அளவுகோலைக் கையிலெடுக்குமுன் நம்மைச் சற்றுத் தயங்க வைக்கும். ஆசிரியரும் மாணவரும் இதனைக் கற்பதன் பயன் அதுவே.